மேக்கில் விண்டோஸ்: பூட் கேம்ப் போன பிறகு என்ன வழி?

மேக் கணினியில் விண்டோஸ் போடுவது எப்படி என்று தேடினால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். 'பூட் கேம்ப் அசிஸ்டன்ட்டைத் திறந்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்' என்பது ஒன்று. 'அதெல்லாம் இனிமேல் நடக்காது, பேரலல்ஸ் வாங்கு' என்பது இன்னொன்று. பூட் கேம்ப் என்பது மேக்கின் வட்டில் விண்டோஸையும் நிறுவ ஆப்பிள் தந்த கருவி; பேரலல்ஸ், மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் கட்டணச் செயலி. இரண்டுமே பொய்யில்லை. முதல் பதில் இன்டெல் சிப் உள்ள மேக்குக்கு எழுதியது. இரண்டாவது, ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குக்கு. பழைய செய்முறைகள் இணையத்தில் அப்படியே கிடப்பதால், எம்4 மேக்புக் வாங்கியவர் 2018-ல் எடுத்த வீடியோவைப் பார்த்து, இல்லாத ஒரு செயலியை யூட்டிலிட்டீஸ் ஃபோல்டரில் தேடிக்கொண்டிருப்பார்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது குழப்பத்தைக் கூட்டிவிட்டது. பூட் கேம்ப் உள்ள மேக்குகளில் ஆப்பிள் முறையாக ஆதரித்த கடைசி விண்டோஸ் அதுதான். ஆக, பழைய மேக் வைத்திருப்பவருக்கும் புதிய மேக் வைத்திருப்பவருக்கும் சிக்கல் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே சிக்கல் அல்ல.

முதலில் சிப்பைப் பாருங்கள்

திரையின் இடது மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தைச் சொடுக்கி, இந்த மேக்கைப் பற்றிய தகவல் பக்கத்தைத் திறக்கவும். அங்கே 'சிப்' என்று போட்டு எம்1, எம்2 என்ற வரிசையில் பெயர் இருந்தால் அது ஆப்பிள் சிலிக்கான். 'பிராசசர்' என்று போட்டு இன்டெல் பெயர் இருந்தால் பழைய வகை. வாங்கிய வருஷத்தை வைத்து முடிவு கட்டவேண்டாம். எம்1 வந்தது 2020 நவம்பரில். ஆனால் இன்டெல் மேக் ப்ரோ 2023 வரை விற்பனையில் இருந்தது.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு பிராசசரும் புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளுக்கு ஒரு தொகுதி உண்டு. இன்டெலும் ஏஎம்டியும் எக்ஸ்86 என்ற தொகுதியைப் பேசுகின்றன. ஆப்பிளின் எம் வரிசையும் கைபேசிச் சிப்புகளும் ஆர்ம் தொகுதியைப் பேசுகின்றன. ஒன்றுக்காகத் தயாரித்த நிரலை மற்றதிடம் அப்படியே கொடுத்தால் அதற்கு ஒரு வரிகூடப் புரியாது. 2006 முதல் 2020 வரை மேக்கும் சாதாரண விண்டோஸ் கணினியும் ஒரே தொகுதியைப் பேசிய காலம். 2006 ஏப்ரலில் பூட் கேம்ப் சோதனை வடிவம் வந்ததும், அதே ஆண்டு பேரலல்ஸ் வந்ததும், 2007-ல் அதே வகையைச் சேர்ந்த விஎம்வேர் ஃப்யூஷன் வந்ததும் அந்த ஒற்றுமையின் மேல்தான். அந்தப் பதினான்கு வருஷமும் ஒரு விதிவிலக்கு. அதற்கு முன் பவர்பிசி சிப் இருந்த காலத்தில் மேக்கில் விண்டோஸ் ஓட்டியவர்கள் ஆமை வேகத்தில்தான் ஓட்டினார்கள்.

நான்கு வழிகள், நான்கு சொற்கள்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'மேக்ல விண்டோஸ் போடறது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். உள்ளே நடப்பவை வேறு வேறு.

1. இரட்டை பூட். வட்டை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒன்றில் மேக்ஓஎஸ், இன்னொன்றில் விண்டோஸ். கணினியைத் தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஷிஃப்ட் வேலை மாதிரி: ஒருவர் இருக்கும்போது மற்றவர் இல்லை. இருப்பவருக்கு முழு இயந்திரமும் சொந்தம்.

2. மெய்நிகராக்கம். மேக்ஓஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு செயலி போலிக் கணினி ஒன்றை உருவாக்கி அதற்குள் விண்டோஸை ஓட்டுகிறது. இதை விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம் என்பார்கள். ஒரே வீட்டைத் தடுத்து போர்ஷன் விடுவது போல. ரேமும் வட்டும் பங்கு போடப்படும். உள்ளே ஓடும் விண்டோஸின் கட்டளைகள் நேராக அசல் பிராசசரில் ஓடுவதால் வேகம் குறைவது சொற்பம். ஆனால் விண்டோஸும் பிராசசரும் ஒரே கட்டளைத் தொகுதியைச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

3. எமுலேஷன். தொகுதி வேறாக இருந்தால் நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்கிறார். ஒரு தனிச் செயலிக்கு மட்டும் துபாஷி வைத்தால் தாங்கிக்கொள்ளலாம். இயங்குதளம் முழுவதற்கும் வைத்தால் வேகம் படுத்துவிடும்.

4. விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் செயலி. வைன், கிராஸ்ஓவர் ஆகியவை இந்த வகை. செயலி விண்டோஸிடம் 'இந்தக் கோப்பைத் திற, ஒரு ஜன்னல் வரை' என்று கேட்பதை மேக்ஓஎஸ்ஸுக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றித் தருகின்றன. விண்டோஸ் உரிமம் தேவையில்லை.

எம் சிப்பில் ஏன் இரட்டை பூட் இல்லை?

'ஆப்பிள் பூட்டி வைத்துவிட்டது' என்ற விளக்கம் பரவலாக இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பாதுகாப்பு நிலையைக் குறைத்து வேறு இயங்குதளத்தைத் தொடங்க ஆப்பிளே ஒரு வழி வைத்திருக்கிறது. எம்1, எம்2 மேக்குகளில், ஆப்பிள் சிப்புக்கென்று தயாரித்த ஆசாஹி லினக்ஸ் மேக்ஓஎஸ்ஸுக்குப் பக்கத்தில் நேரடியாக பூட் ஆவது அந்த வழியில்தான். கதவு திறந்திருக்கிறது, உள்ளே வருவதற்கு விண்டோஸ் தயாராக இல்லை என்பதுதான் நிலைமை. காரணங்கள் இவை.

ஆர்ம் கணினியில் விண்டோஸ் தொடங்குவதற்கு யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருளும், வன்பொருள் விவரங்களை ஏசிபிஐ என்ற அட்டவணை வடிவில் தருவதும் தேவை. ஆப்பிளின் மேக் இரண்டையும் தருவதில்லை. ஐபோனிலிருந்து வந்த ஐபூட் என்ற தனித் தொடக்க முறை அதில் இருக்கிறது. இது ஒன்றுதான் தடை என்றால் நடுவில் ஒரு அடுக்கு எழுதிச் சமாளித்துவிடலாம்.

அடுத்தது இன்டரப்ட் கட்டுப்படுத்தி. விசைப்பலகையோ வட்டோ பிராசசரைக் கூப்பிடும்போது அந்த அழைப்பை வரிசைப்படுத்தும் பகுதி இது. ஆர்ம் உலகத்தில் இதற்கு ஜிஐசி என்ற பொது வடிவம் உண்டு. விண்டோஸ் அதைத்தான் எதிர்பார்க்கிறது. ஆப்பிள் தன் சொந்த ஏஐசியை வைத்திருக்கிறது. இதற்கான ஆதரவு விண்டோஸின் மையப்பகுதியிலேயே சேர்க்கப்பட வேண்டும். வெளியாட்கள் டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் சிறு மென்பொருள்) எழுதி ஒட்டும் இடம் அல்ல அது.

மூன்றாவது, நினைவகப் பக்கத்தின் அளவு. விண்டோஸ் நினைவகத்தை 4 கேபி துண்டுகளாகக் கையாள்கிறது. ஆப்பிளின் பிராசசர் 4 கேபியையும் ஏற்கும். ஆனால் வட்டு, யூஎஸ்பி போன்ற சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதை மேற்பார்க்கும் டார்ட் என்ற பகுதி 16 கேபி கணக்கில் நடக்கிறது. லினக்ஸின் மூல நிரல் எல்லோர் கையிலும் இருப்பதால் ஆசாஹி குழுவால் அதை வளைக்க முடிந்தது. விண்டோஸை வளைக்க மைக்ரோசாஃப்ட்டால் மட்டுமே முடியும்.

கடைசியாக, கிராஃபிக்ஸ் சிப், வைஃபை, டச்பேட், ஒலி என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் டிரைவர் வேண்டும். இன்டெல் காலத்தில் பெரும்பாலான பாகங்கள் சந்தையில் எல்லோரும் பயன்படுத்துபவை. டிரைவர் ஏற்கெனவே இருந்தது, ஆப்பிள் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கொடுத்தது. இப்போது எல்லாமே ஆப்பிளின் சொந்தத் தயாரிப்பு, அவற்றுக்கு ஆவணமும் வெளியில் இல்லை.

வேறு இயங்குதளத்தை நேரடியாக பூட் செய்யப்போவதில்லை, மெய்நிகராக்கம்தான் வழி என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டார். அதே ஆண்டு நவம்பரில், ஆர்ம் விண்டோஸ் மேக்குக்கு வருவது மைக்ரோசாஃப்ட்டின் முடிவு என்றும் சொன்னார். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டுமே நடக்கக்கூடிய வேலை இது. இருவருக்கும் அதனால் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை.

எம் சிப்பில் விஎம்முக்குள் உண்மையில் ஓடுவது எது?

அங்கே ஓடுவது கடையில் வாங்கும் டெல், ஹெச்பி கணினிகளில் உள்ள வழக்கமான விண்டோஸ் அல்ல. ஆர்ம் சிப்புக்காக மைக்ரோசாஃப்ட் தனியாகத் தயாரிக்கும் விண்டோஸ் 11. விஎம்முக்குள் இருக்கும் போலி வன்பொருள் ஜிஐசி, யூஇஎஃப்ஐ, டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) என்று விண்டோஸ் எதிர்பார்க்கும் எல்லாவற்றையும் காட்டுவதால், போன பகுதியில் சொன்ன தடைகள் இங்கே எழுவதில்லை.

உங்கள் பழைய விண்டோஸ் செயலிகள் எக்ஸ்86-க்கு எழுதியவைதானே, அவை எப்படி ஓடும்? அதற்கு ஆர்ம் விண்டோஸுக்குள்ளேயே ஒரு துபாஷி உண்டு. 64 பிட் எக்ஸ்86 செயலிகளை மொழிபெயர்க்கும் வசதி விண்டோஸ் 11-ல்தான் வந்தது. ஆர்ம் விண்டோஸ் 10-ல் 32 பிட் மட்டுமே. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அந்தத் துபாஷியை மேம்படுத்தி பிரிசம் என்று பெயரிட்டார்கள். அலுவலகச் செயலிகள், கணக்கு மென்பொருள், நிரலெழுதும் கருவிகள் ஆகியவற்றில் பெரிய தடங்கல் தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேக்ஓஎஸ்ஸில் பழைய இன்டெல் செயலிகளை ஓட்டும் ரொசெட்டா 2 வேறு, பிரிசம் வேறு. ரொசெட்டாவின் முழுச் சேவை மேக்ஓஎஸ் 27 வரைதான், அதற்குப் பின் சில பழைய கேம்களுக்காக ஒரு பகுதி மட்டும் இருக்கும் என்று ஆப்பிள் 2025-ல் அறிவித்தது. அதைப் படித்துவிட்டு பேரலல்ஸுக்குள் இருக்கும் விண்டோஸும் நின்றுவிடும் என்று பலர் பதறினார்கள். நிற்காது. விஎம்முக்குள் மொழிபெயர்ப்பது விண்டோஸ்; ரொசெட்டாவுக்கு அதில் பங்கே இல்லை. அடி விழுவது வைன், கிராஸ்ஓவர் பக்கம்.

எந்தச் செயலியில் விஎம் உருவாக்குவது?

பேரலல்ஸ் டெஸ்க்டாப்: ஆண்டுச் சந்தா. விண்டோஸைத் தானே இறக்கி, டிரைவர்களையும் போட்டுவிடும். எம்1, எம்2 மேக்குகளில் ஆர்ம் விண்டோஸ் 11 ப்ரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளை ஓட்ட மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் வெளிப்படையாக அங்கீகாரம் தந்தது இதற்குத்தான். ஸ்டாண்டர்ட் பதிப்பில் ஒரு விஎம்முக்கு 8 ஜிபி ரேமும் 4 கோரும் உச்சவரம்பு. அதைவிட வேண்டுமென்றால் ப்ரோ.

விஎம்வேர் ஃப்யூஷன்: 2024 நவம்பரிலிருந்து தொழில் பயன்பாட்டுக்கும் சேர்த்து இலவசம். விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காம் நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கித்தான் இறக்க வேண்டும். அந்தத் தளத்தில் சரியான பக்கத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கிடைத்துவிட்டால் வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் இது போதும்.

யூடிஎம்: கியூஇஎம்யூ என்ற எமுலேட்டர் மேல் கட்டிய திறந்த மூல மென்பொருள். ஆர்ம் விண்டோஸை மெய்நிகராக்கத்தில் ஓட்டலாம். எமுலேஷனில் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்ற கிழங்களையும் எழுப்பலாம். கிராஃபிக்ஸ் முடுக்கம் விண்டோஸுக்கு இல்லாததால் திரை கொஞ்சம் இழுக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸும் 7.2 பதிப்பிலிருந்து எம் சிப்பில் ஆர்ம் விண்டோஸ் 11-ஐ ஏற்கிறது. ஏற்கெனவே அதில் பழகியவர்களைத் தவிர மற்றவர்கள் ஃப்யூஷனோடு நிற்கலாம்.

செய்முறை: அளவுகளும் வழுக்கும் இடங்களும்

பேரலல்ஸில் இதெல்லாம் தானாக நடந்துவிடும். ஃப்யூஷன், யூடிஎம் போன்றவற்றில் கையால் செய்பவர்களுக்கு:

1. வட்டில் குறைந்தது 80 ஜிபி காலி இருக்கட்டும். விஎம்முக்கு 64 ஜிபி வட்டு ஒதுக்குவது விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம். ஒதுக்கியது முழுவதும் உடனே போய்விடாது, நிரம்ப நிரம்ப வளரும். ஆனால் வளர்ந்த கோப்பு, உள்ளே அழிப்பதால் தானாகச் சுருங்குவதில்லை.

2. மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஆர்ம்64 என்று குறிப்பிட்ட விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) இறக்கவும். 2024 நவம்பரிலிருந்து இது எல்லோருக்கும் நேரடியாகக் கிடைக்கிறது. இங்கேதான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள்: பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது எக்ஸ்64 (64 பிட் எக்ஸ்86) கோப்பு. அதைக் கொடுத்தால் விஎம் பூட் ஆகாமல் கறுப்புத் திரையில் நிற்கும். பிழைச்செய்தியில் 'தவறான கோப்பு' என்று எங்கும் வராது, அதனால் காரணமும் பிடிபடாது.

3. 16 ஜிபி ரேம் உள்ள மேக்கில் விஎம்முக்கு 6 முதல் 8 ஜிபி, 4 கோர். 8 ஜிபி மேக்கில் 4 ஜிபிக்கு மேல் கொடுக்கவேண்டாம். அதிகம் கொடுத்தால் விண்டோஸ் வேகமாகும் என்று நினைத்துச் செய்வது, மேக்ஓஎஸ்ஸை ரேமுக்குப் பதில் வட்டை உபயோகிக்க வைத்து இரண்டையும் மெதுவாக்கும். எல்லாக் கோரையும் அள்ளிக் கொடுப்பதும் இதே கதைதான்.

4. விஎம்மைத் தொடங்கியதும், நிறுவலுக்கு ஏதாவது ஒரு விசையைத் தட்டும்படி ஒரு வரி சில நொடி மட்டும் தோன்றும். திரைக்குள் முதலில் ஒரு முறை சொடுக்கிவிட்டு உடனே தட்டவேண்டும். தவறவிட்டால் யூஇஎஃப்ஐ பட்டியலில் போய் நிற்கும். அப்போது கோப்பு கெட்டுப்போனது என்று நினைக்கவேண்டாம், விஎம்மை மறுபடி தொடங்கினால் போதும்.

5. உரிம எண் கேட்கும் இடத்தில் 'என்னிடம் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, பதிப்பில் ப்ரோவைக் குறிக்கவும். மைக்ரோசாஃப்ட்டின் அங்கீகாரப் பட்டியலில் ஹோம் இல்லை. உரிமத்தைப் பிறகு உள்ளிடலாம். மெய்நிகராக்கச் செயலிக்குக் கட்டும் பணத்தில் விண்டோஸ் உரிமம் அடங்காது. அது தனிச் செலவு.

6. நிறுவலின் நடுவில் இணைய இணைப்புக் கேட்டு மேலே போகவிடாமல் நிற்கலாம். போலி நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர் விண்டோஸில் இல்லாததுதான் காரணம். யூடிஎம்மில் இது அடிக்கடி வரும். அந்தச் செயலி தரும் கருவிகளின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணைத்து அதிலிருந்து டிரைவரைப் போட்டால் இணைப்பு வந்துவிடும்.

7. முகப்புத் திரை வந்ததும் முதல் வேலை, விருந்தினர் கருவிகளை (விண்டோஸுக்குள் போட விஎம் செயலி தரும் டிரைவர்கள்) முழுதாக நிறுவுவது. திரை அளவு மாறாமல் இருப்பது, மேக்கில் நகலெடுத்ததை விண்டோஸில் ஒட்ட முடியாமல் போவது ஆகிய புகார்களில் பெரும்பாலானவை இதைச் செய்யாததால் வருபவை.

8. விண்டோஸ் அப்டேட் முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் அப்போதைய நிலையின் பதிவு, எடுத்துவைக்கவும். ஒன்று போதும். ஸ்னாப்ஷாட் காப்புநகல் அல்ல. சேரச் சேர வட்டைத் தின்னும்.

விஎம் கோப்பை மேக்ஓஎஸ்ஸின் காப்புநகல் வசதியான டைம் மெஷினிலிருந்து விலக்கிவிடுவது நல்லது. உள்ளே ஒரு சின்ன மாற்றம் நடந்தாலும் பல ஜிபி கோப்பு மாறியதாகக் கணக்காகி, காப்பு வட்டு சீக்கிரம் நிரம்பும். விண்டோஸை முழுதாக நிறுத்திவிட்டு, வாரம் ஒரு முறை வெளி எஸ்எஸ்டியில் நகலெடுங்கள். ஃப்யூஷனில் டிபிஎம் வேண்டும் என்பதற்காக விஎம்மை மறைகுறியாக்கக் கடவுச்சொல் ஒன்று கேட்கும். அதை எழுதிவைக்காமல் விட்டால், மேக் மாற்றும் நாளில் அந்த விஎம்மைத் திறக்க வழியே இருக்காது.

எது ஓடும், எது ஓடாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த மென்பொருள் விண்டோஸின் எந்த ஆழம் வரை இறங்குகிறது? துபாஷி மேல்மாடியில் மட்டும் வேலை பார்ப்பவர். சாதாரணச் செயலிகள் மேல்மாடியில் இருக்கின்றன, அவை ஓடும். கர்னல் என்ற அடித்தளத்தில் போய் உட்காரும் டிரைவர்களுக்கு மொழிபெயர்ப்பு கிடையாது. அவை ஆர்ம்64-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும்.

டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன். இந்தியாவில் ஆடிட்டர்களும் நிறுவனச் செயலர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டாலி பிரைம் சாதாரணச் செயலி, மேல்மாடியைச் சேர்ந்தது. ஆனால் அதே மேஜையில் இருக்கும் டோக்கனுக்குத் தனி டிரைவரோ, விண்டோஸின் பாதுகாப்புச் சேவைக்குள் போய் உட்காரும் கூறோ தேவைப்பட்டால், எக்ஸ்86 பதிப்பு உதவாது. டோக்கன் விற்றவரிடம் 'விண்டோஸ் 11-ல் வேலை செய்யுமா' என்று கேட்காதீர்கள், 'செய்யும்' என்றுதான் பதில் வரும். ஆர்ம்64 டிரைவர் உண்டா என்று கேளுங்கள். சில டோக்கன்களுக்கு மேக்ஓஎஸ் மென்பொருளே உண்டு. அப்படியானால் கையொப்பத்தை மேக் பக்கமே முடித்துவிட்டு டாலியை மட்டும் விஎம்மில் வைத்துக்கொள்ளலாம்.

பிரின்டர். இதற்கு விண்டோஸ் டிரைவர் தேடவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. பேரலல்ஸ் போன்றவை மேக்கில் இணைத்த பிரின்டரை விண்டோஸுக்குள் காட்டும். அச்சு வேலை மேக்ஓஎஸ் வழியே போகும். பில் அடிக்கும் தெர்மல் பிரின்டர், பழைய டாட் மேட்ரிக்ஸ் போன்றவற்றைச் செயலி நேரடியாகப் பிடிக்க நினைக்கும்போதுதான் தகராறு.

ஆன்லைன் கேம்களின் மோசடித் தடுப்பு. வேலரன்ட்டின் வேன்கார்ட் போன்றவை கர்னலில் உட்காருகின்றன. அதோடு, விஎம்மைக் கண்டாலே மறுப்பவையும் உண்டு. அமைப்பை மாற்றி ஏமாற்றப் பார்ப்பது கணக்கை இழக்கும் வழி.

கிராஃபிக்ஸ். கேம்கள் திரையில் வரைய உபயோகிக்கும் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ், விஎம்களில் 11 வரைதான். டைரக்ட்எக்ஸ் 12 கட்டாயம் கேட்கும் கேமும் வடிவமைப்பு மென்பொருளும் திறக்காது.

விண்டோஸுக்குள் இன்னொரு விஎம். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, செயலிகளைத் தனிமைப்படுத்திச் சோதிக்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவை தாங்களே ஒரு மெய்நிகர் அடுக்கை உருவாக்குபவை. மேக்கில் உள்ள விண்டோஸுக்கு இந்த வசதிகள் ஆதரிக்கப்படவில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே குறிப்பிடுகிறது. லினக்ஸ் வேண்டுமென்றால் மேக்கில் தனி விஎம்மாகப் போட்டுக்கொள்வது எளிது.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள். விசைப்பலகை உள்ளீட்டு முறைகளும் விண்டோஸின் எல்லாச் செயலிகளுக்குள்ளும் நுழைந்து வேலை செய்பவை. ஆர்ம் விண்டோஸில் தடுமாறக்கூடியவை என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் இவையும் உண்டு. பழைய 32 பிட் தட்டச்சுக் கருவி நோட்பேடில் தமிழும், வேறொரு செயலியில் ஆங்கிலமும் அடித்தால் ஆச்சரியப்படவேண்டாம். விண்டோஸ் 11-லேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்வது நிம்மதி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளை விஎம்மில் சாதாரண எழுத்துருவாக நிறுவிக்கொள்ளலாம். எழுத்துரு என்பது வெறும் கோப்பு, சிப் எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஆர்மே இல்லாத, முழு எக்ஸ்86 விண்டோஸை எம் சிப்பில் ஓட்டும் வசதியை பேரலல்ஸ் 2025 ஜனவரியில் 20.2 பதிப்பில் முன்னோட்டமாகச் சேர்த்தது. இது எமுலேஷன். பூட் ஆவதற்கே சில நிமிஷங்கள் பிடிக்கும் என்றும், யூஎஸ்பி சாதனங்கள் வேலை செய்யாது என்றும் நிறுவனமே எச்சரித்தது. டோக்கன் பிரச்சினைக்கு இது மருந்து என்று நினைத்தவர்களுக்கு அந்த இரண்டாவது எச்சரிக்கை போதும்.

இன்டெல் மேக் வைத்திருப்பவர்களுக்கு

பூட் கேம்ப் இன்னும் வேலை செய்கிறது. 64 ஜிபி காலி இடம் குறைந்தபட்சம். 128 ஜிபி இருந்தால்தான் வசதி, ஏனென்றால் பிரித்த பிறகு அளவை மாற்ற ஆப்பிள் வழி தரவில்லை. விண்டோஸ் 10-ன் 64 பிட் ஐஎஸ்ஓவை இறக்கி, பூட் கேம்ப் அசிஸ்டன்ட்டில் பார்ட்டிஷன் அளவைத் தேர்ந்தெடுத்தால் மிச்சத்தை அது நடத்தும். பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வந்தால் பூட்கேம்ப் என்று பெயருள்ளதை மட்டும் ஃபார்மேட் செய்யவேண்டும். பக்கத்தில் இருப்பதைத் தொட்டால் மேக்ஓஎஸ் போய்விடும். தொடங்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் எந்தப் பக்கம் என்று கேட்கும்.

இரண்டு இடத்தில் இது வழக்கமாக நிற்கும். வட்டைப் பிரிக்க முடியவில்லை என்று வந்தால், டைம் மெஷினின் உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகள் இடத்தைப் பிடித்திருக்கலாம். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி முயலவும். கோப்புகளை நகலெடுக்கையில் இடம் போதவில்லை என்று வந்தால், காரணம் பெரும்பாலும் ஃபேட்32. அந்த வடிவம் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. புதிய விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவில் உள்ள முக்கியக் கோப்பு அந்த எல்லையைத் தாண்டியது. பழைய மேக்ஓஎஸ்ஸில் உள்ள அசிஸ்டன்ட்டுக்கு இதைச் சமாளிக்கத் தெரியாது, மேக்ஓஎஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். விண்டோஸை நீக்கும்போதும் அதே அசிஸ்டன்ட் வழியேதான் நீக்கவேண்டும். டிஸ்க் யூட்டிலிட்டியில் போய் பார்ட்டிஷனை அழித்துவிட்டு, அந்த இடம் மேக்ஓஎஸ்ஸுக்குத் திரும்பவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

பெரிய கேள்வி விண்டோஸ் 11. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல் மேக்குகளில் அது இல்லை. பிந்தைய மாடல்களில் உள்ள டி2 சிப் அதே வகையான வேலைகளைச் செய்தாலும் விண்டோஸுக்கு டிபிஎம்மாகத் தன்னைக் காட்டுவதில்லை. சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு; ஓடவும் செய்யும். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. வங்கிக் கணக்கும் வரித் தாக்கலும் நடக்கும் கணினியில் இந்தப் பந்தயம் வேண்டாம். அதைவிட, விண்டோஸ் 10-ஐ நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவுசெய்வது மேல். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அது உண்டு. அல்லது இன்டெல் மேக்கிலும் விஎம் வழிக்கு வரலாம். விஎம் போலி டிபிஎம்மைக் காட்டும், வழக்கமான எக்ஸ்64 விண்டோஸ் 11 ஓடும், மேலே சொன்ன ஆர்ம் சங்கடம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26 தான் கடைசி. அதுவும் நான்கு மாடல்களுக்கு மட்டும்.

விண்டோஸை நிறுவாமலே

ஒரே ஒரு செயலிதான் வேண்டும் என்றால் கிராஸ்ஓவரை முதலில் சோதித்துப் பார்க்கலாம். 64 ஜிபி வட்டும் 8 ஜிபி ரேமும் மிச்சம். விஎம்மில் ஓடாத டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் சில இங்கே ஓடும் என்பது வேடிக்கை. 2023-ல் ஆப்பிள் வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட்டில் உள்ள டி3டிமெட்டல் என்ற பகுதி, டைரக்ட்எக்ஸ் 12 அழைப்புகளை ஆப்பிளின் கிராஃபிக்ஸ் முறையான மெட்டலுக்கு மாற்றுகிறது. கிராஸ்ஓவர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. கர்னல் டிரைவர் கேட்கும் எதுவும் இங்கேயும் கிடையாது. மேலும் எம் சிப்பில் இந்த ஏற்பாடு முழுக்க ரொசெட்டாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. மேக்ஓஎஸ் 27-ஐத் தாண்டிப் புதுப்பிக்கும் முன் கிராஸ்ஓவரின் நிலை என்ன என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

டோக்கனும், மென்பொருள் உரிமத்துக்காகச் செருகும் பழைய டாங்கிளும் விடாப்பிடியாக எக்ஸ்86 டிரைவரையே கேட்டால், விண்டோஸை மேக்குக்குக் கொண்டுவரும் முயற்சியை விட்டுவிட்டு, மேக் வழியாக விண்டோஸுக்குப் போவது மலிவு. அலுவலகத்தில் சும்மா கிடக்கும் ஒரு விண்டோஸ் 11 ப்ரோ கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கி, டோக்கனை அதிலேயே செருகி வைத்துக்கொள்ளலாம். மேக்கில் மைக்ரோசாஃப்ட்டின் இலவச விண்டோஸ் ஆப் போதும். இங்கேயும் பொறி ஒன்று உண்டு: சில டோக்கன் மென்பொருள்கள் ரிமோட் அமர்விலிருந்து வந்தால் டோக்கனைக் காட்ட மறுக்கும். அப்படி மறுத்தால், விண்டோஸில் உள்நுழைந்தவரின் திரையையே அப்படியே காட்டும் எனிடெஸ்க் போன்ற வகைக்கு மாறினால் வேலை நடக்கும். இணைக்கப்படும் கணினியில் ஹோம் பதிப்பு இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் அதில் இயங்காது. அங்கேயும் இதே மாற்று வழிதான்.